முழங்கால் சுமக்கும் எடை

ஐப்பசி பிறந்து வடகிழக்குப் பருவமழை இறங்கிவிட்டால், தாமிரபரணிக் கரை ஊர்களில் காலை, மாலை வேளைகளில் நடப்பவர்களின் தொகை குறைந்துவிடும். 2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாட்களில் பெய்த பெருமழையை நெல்லைச் சீமையில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை கொட்டியது, ஆறு கரைபுரண்டு நெல்லைச் சந்திப்புப் பகுதியை மூழ்கடித்தது. அது எப்போதோ நேர்வது. ஆனால் எல்லா ஆண்டும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் மேலப்பாளையம் போன்ற நெருக்கமான ஊர்களின் தெருக்களில் நீர் தேங்கும், சேறு வழுக்கும். முழங்கால் வலி உள்ள ஐம்பது வயதுப் பெண்மணி ஒருவர் அந்தத் தெருவில் உடற்பயிற்சிக்காக நடக்கப் புறப்படுவாரா? வழுக்கி விழுந்து எலும்பு முறிந்தால் என்ன ஆவது என்று அஞ்சி வீட்டிலேயே இருந்துவிடுவார். அவர் அஞ்சுவது நியாயமே.

ஆயினும் மருத்துவரிடம் போனால் அவருக்குக் கிடைக்கும் அறிவுரை என்ன? “எடையைக் குறையுங்கள் அம்மா, தினமும் நடங்கள்.” வலியால் நடக்க முடியவில்லை, நடக்காததால் எடை ஏறுகிறது, எடை ஏறுவதால் வலி மிகுகிறது. செக்கைச் சுற்றும் மாட்டைப் போல இது முடிவின்றிச் சுற்றும் வட்டம். இந்த வட்டத்தை எந்த இடத்தில் அறுப்பது? அறிவியல் இதற்குத் தெளிவான விடை ஒன்றைத் தருகிறது. அதைப் பார்ப்பதற்கு முன் முழங்கால் எவ்வாறு சுமை தாங்குகிறது என்பதை அறிந்துகொள்ள வேண்டும்.

ஒரு கிலோ நான்கு கிலோ ஆவது எப்படி?

தொடை எலும்பின் கீழ் முனையும் கீழ்க்கால் எலும்பின் மேல் முனையும் சந்திக்கும் இடமே முழங்கால் மூட்டு. இவ்விரு முனைகளையும் வழவழப்பான குருத்தெலும்பு போர்த்தியிருக்கிறது. இடையில் எண்ணெய் போன்ற மூட்டுநீர் உண்டு. குருத்தெலும்புக்குள் இரத்தக் குழாய்கள் இல்லை என்பதைக் கவனியுங்கள். அப்படியானால் அதற்கு ஊட்டம் எப்படிக் கிடைக்கிறது? நீரில் நனைத்த கடற்பஞ்சை அழுத்தினால் நீர் வெளியேறும். விட்டால் மீண்டும் உறிஞ்சும் அல்லவா? அதுபோலக் காலை மடக்கி நீட்டும்போது குருத்தெலும்பு அழுந்தியும் விரிந்தும் மூட்டுநீரிலிருந்து தனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்கிறது. அசையாமலே இருக்கும் மூட்டு அரைப்பட்டினி கிடக்கும் மூட்டு. அளவுக்கு மீறிய பாரம் சுமக்கும் மூட்டும் நாளடைவில் தேய்ந்து போகிறது.

இனி, பாரத்தின் கணக்கு. 68 கிலோ எடையுள்ளவர் மாடிப்படி ஏறுகிறார். முழங்கால் மடங்கியிருக்கிறது. உடலின் பாரம் முழங்காலுக்கு நேர் மேலே இல்லாமல் சற்றுத் தள்ளிப் பின்னால் விழுகிறது. அந்தப் பாரம் காலை மேலும் மடக்கப் பார்க்கும். மடங்கிவிடாமல் பிடித்து நிறுத்துவது தொடையின் முன்புறத் தசை. அத்தசையின் இழுவிசை மூட்டின் சுழல் மையத்திலிருந்து 4, 5 செ.மீ. தொலைவில்தான் செயல்படுகிறது. பாரமோ அதைப்போல் பல மடங்கு தொலைவில் இருக்கிறது. நெம்புகோல் தத்துவத்தைப் பள்ளியில் படித்திருப்பீர்கள். குட்டையான கையைப் பிடித்துக்கொண்டு நீண்ட கையிலுள்ள பாரத்தைத் தூக்குபவன் பாரத்தைவிடப் பன்மடங்கு விசையைச் செலுத்த வேண்டும். தசை அப்படி இழுக்கும் விசை முழுவதும் மூட்டை அழுத்துகிறது. இதனால்தான் முழங்கால் சுமப்பது நம் எடையை மட்டுமன்று. எடையின் மூன்று, நான்கு மடங்கையும் அது சுமக்க நேரிடுகிறது.

அமெரிக்காவின் வட கரோலினாவிலுள்ள வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகத்தில் ஸ்டீபன் மெசியரும் அவருடைய குழுவினரும், மூட்டுத் தேய்மானமும் மிகை எடையும் கொண்ட முதியவர் 142 பேரை நடக்கவைத்து முழங்காலில் விழும் அழுத்தத்தை அளந்தனர். 2005இல் வெளியான அந்த முடிவு மிக எளிமையானது: உடலில் ஒரு கிலோ குறைந்தால், எடுத்து வைக்கும் ஒவ்வோர் அடியிலும் முழங்காலுக்கு ஏறத்தாழ நான்கு கிலோ சுமை குறைகிறது.

நாம் மேலே கூறிய 68 கிலோ பெண்மணி 7 கிலோ இளைத்தால் ஒவ்வோர் அடியிலும் 28 கிலோ மிச்சம். வீட்டுக்குள்ளேயே அவர் நாளொன்றுக்கு 3000 அடி எடுத்து வைப்பதாகக் கொள்வோம். ஒரு முழங்காலுக்கு 1500 அடி. ஒரு நாளில் அந்த மூட்டுக்கு மிச்சமாகும் சுமையைக் கூட்டினால் 42 டன்! இதற்கு ஈடான தைலம் எந்தக் கடையிலும் இல்லை.

பாரம் மட்டும்தான் காரணம் என்று எண்ணிவிடாதீர்கள். உடல் பருத்தவர்களுக்குக் கைவிரல் மூட்டுகளிலும் தேய்மானம் கூடுதலாகக் காணப்படுகிறது. கைவிரல்கள் உடலைச் சுமப்பதில்லையே! கொழுப்புத் திசு வெறும் சேமிப்புக் கிடங்கு அன்று. அழற்சியைத் தூண்டும் பொருள்களைச் சுரந்து இரத்தத்தில் கலக்கவும் செய்கிறது. கொழுப்புக் குறையும்போது இந்தத் தூண்டலும் தணிகிறது.

தட்டா, நடையா?

இப்போது வட்டத்தை அறுக்கும் இடத்துக்கு வருவோம். அதே பல்கலைக்கழகத்தார் 55 வயதுக்கு மேற்பட்ட 454 பேரை மூன்று குழுக்களாகப் பிரித்து 18 மாதம் கவனித்தனர். ஒரு குழுவுக்கு உடற்பயிற்சி மட்டும். மற்றொன்றுக்கு உணவுக் கட்டுப்பாடு மட்டும். மூன்றாவது குழுவுக்கு இரண்டும். எல்லோரும் மிகை எடையும் முழங்கால் தேய்மானமும் உடையவர்களே. 2013இல் முடிவு வந்தது. உடற்பயிற்சி மட்டும் செய்தவர்கள் சராசரியாக 1.8 கிலோ இளைத்தனர். உணவைக் குறைத்தவர்கள் 8.9 கிலோ இளைத்தனர். இரண்டும் செய்தவர்கள் 10.6 கிலோ. வலி மிகக் குறைந்ததும், நடை நன்றாகத் தேறியதும் இரண்டும் செய்த குழுவினருக்கே.

இந்த எண்களை மீண்டும் ஒரு முறை பாருங்கள். எடையைக் குறைப்பதில் பெரும் பங்கு தட்டுக்கு உரியது. நடைக்கு உரியது சிறு பங்கே. காரணம் எளிது. உணவைப் பற்றிப் பேசும்போது நாம் கலோரி என்று சொல்வது உண்மையில் கிலோகலோரி. அந்த அளவில், 68 கிலோ எடையுள்ளவர் ஒரு மணி நேரம் மெல்ல நடந்தால், உட்கார்ந்திருப்பதைவிட 150 கலோரி அளவுக்குத்தான் கூடுதலாகச் செலவாகும். மழை நேரத்தில் சூடாகத் தின்னும் உளுந்த வடை ஒன்றில் சுமார் 100 கலோரி இருக்கிறது. இரண்டு வடை தின்றுவிட்டு ஒரு மணி நேரம் நடந்தால் கணக்கில் பற்றாக்குறைதான். எனவே, நடக்க முடியவில்லையே, இனி எடை எங்கே குறையப் போகிறது என்று மனம் தளர வேண்டியதில்லை. முழங்கால் அனுமதிக்காவிட்டாலும் எடை குறையும்.

அப்படியானால் பயிற்சி எதற்கு? அதன் வேலை வேறு. அது மூட்டைப் பிடித்து நிறுத்தும் தசைக்கு உரியது. அதைப் பின்னர் பார்ப்போம்.

குளிர் இளைக்க வைக்குமா?

குளிர்காலத்தில் உடல் வெப்பத்துக்காகக் கொழுப்பு எரியும், தானாகவே இளைப்போம் என்று சிலர் நம்புகிறார்கள். இதில் உண்மை உண்டு. ஆனால் அது நம் ஊருக்கான உண்மை அன்று. குழந்தைகளிடம் மிகுதியாக இருக்கும் பழுப்புக் கொழுப்பு பெரியவர்களிடமும் செயல்படுகிறது என்பது 2009இல் உறுதியாயிற்று. குளிரில் அது எரிந்து வெப்பம் தரும். ஆனால் நெல்லையில் மார்கழி விடியற்காலையிலும் வெப்பநிலை 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அரிது. போர்வைக்குள் இருப்பவருக்கு அந்தக் குளிர் ஒரு பொருட்டே அன்று. நடப்பதோ இதற்கு நேர்மாறானது. வெளியே போவது குறைகிறது. அடுப்படியில் எண்ணெய்ச் சட்டி ஏறுவது மிகுகிறது.

அமெரிக்காவில் 195 பேரை ஓர் ஆண்டு முழுவதும் எடை பார்த்த ஆய்வு ஒன்று 2000இல் வெளிவந்தது. இலையுதிர் காலத் தொடக்கத்திலிருந்து பிப்ரவரி, மார்ச் வரை அவர்களுக்கு ஏறிய எடை சராசரியாக அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவு. அரைக் கிலோதானே என்று அலட்சியமாக இருக்க முடியாது. கோடையில் அது மீண்டும் இறங்கவில்லை! அங்கும் பண்டிகைகள், இங்கும் தீபாவளி, கிறிஸ்துமஸ், பொங்கல், ஊடே கல்யாண வீடுகள். ஆண்டுக்கு அரைக் கிலோ என்றால் பத்தாண்டில் 5 கிலோ. இதன் பொருள் என்ன? அமெரிக்காவின் ஃபிராமிங்ஹாம் நகரில் நடந்த நெடுநாள் ஆய்வின் ஒரு பகுதி 1992இல் வெளியானது. பத்தாண்டுகளில் சுமார் 5 கிலோ இளைத்த பெண்களுக்கு வலியோடு கூடிய முழங்கால் தேய்மானம் வரும் வாய்ப்புப் பாதியாகக் குறைந்திருந்தது. அதே 5 கிலோதான்!

மழை வந்தால் மூட்டு வலிக்கும் என்பது என்ன? நம் பாட்டிமார் முழங்காலைத் தடவிக்கொண்டே மழை வரப் போகிறது என்று சொல்வதுண்டு. பிரிட்டனில் 2,658 பேர் தம் வலியை நாள்தோறும் குறித்துவந்த ஆய்வில், காற்றில் ஈரம் மிகுந்தும் காற்றழுத்தம் குறைந்தும் இருந்த நாட்களில் வலி சிறிதளவு கூடியது 2019இல் தெரியவந்தது. இதற்கு முன், 2017இல் அமெரிக்காவில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட மருத்துவமனை வருகைகளை அலசியவர்கள் மழைக்கும் மூட்டு வலிக்கும் எந்தத் தொடர்பையும் காணவில்லை. தொடர்பு இருந்தாலும் மிகச் சிறியது என்றே கொள்ளலாம். மழை நாளில் அசையாமல் முடங்கியிருப்பதே மூட்டை இறுக்கும் பெரிய காரணம் என்பது என் கருத்து.

உட்கார்ந்த இடத்து உழைப்பு

மேலப்பாளையம் ஒரு காலத்தில் கைத்தறிக்குப் பேர்போன ஊர். 1994இல் நெல்லை மாநகராட்சியோடு இணைந்த இவ்வூரில் பின்னாளில் பீடித் தொழில் வேரூன்றியது. தறி நெய்பவருக்குக் கையோடு காலும் வேலை செய்யும். மிதிகட்டையை மாற்றி மாற்றி மிதித்தாக வேண்டும். பீடி சுற்றும் பெண்ணுக்கு விரல்கள் மட்டுமே ஓடும். மடியில் பீடித் தட்டு, அதில் இலையும் தூளும்; காலையில் தரையில் அமர்ந்தால் இருட்டும்வரை அதே இருக்கை. ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. எழுந்து உலாவினால் கூலி குறையும். ‘அடிக்கடி எழுந்து நடங்கள்’ என்று அறிவுரை சொல்பவர்கள் இதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

ஆகவே எழாமலே செய்யக்கூடிய பயிற்சி ஒன்றை முதலில் சொல்கிறேன். தட்டு மடியில் இருக்கட்டும், கைகள் சுற்றிக்கொண்டிருக்கட்டும். ஒரு காலை நீட்டி, முழங்காலின் பின்புறம் தரையில் படும்படி அழுத்துங்கள். தொடையின் முன்தசை கல்போல் இறுகுவதை உணர்வீர்கள். ஐந்து எண்ணும்வரை அப்படியே வைத்துத் தளர்த்துங்கள். பத்து முறை செய்தபின் மற்றக் காலுக்கு மாறுங்கள். மூட்டு மடங்காததால் பெரும்பாலோருக்கு இதில் வலி இராது. கட்டிலிலோ நாற்காலியிலோ அமர்ந்து காலைக் கிடைமட்டமாக நீட்டி இறக்குவது அடுத்த படி. மல்லாந்து படுத்து, ஒரு காலை மடக்கி, மறு காலை மடக்காமல் ஒரு சாண் உயரம் தூக்குவது இன்னொன்று. தொடைத் தசை வலுப்பெற்றால் ஒவ்வோர் அடியிலும் மூட்டுக்கு ஏற்படும் அதிர்ச்சியை அது வாங்கிக்கொள்ளும். பயிற்சிக்குப்பின் இலேசான வலி இருக்கலாம். மறுநாள் வரை நீடித்தால் அளவைப் பாதியாக்குங்கள்.

நூறு பீடிக்கு ஒரு முறை சுவரைப் பிடித்து எழுந்து இரண்டு நிமிடம் நின்றால் ஆயிரம் பீடிக்கு 20 நிமிடம் போகும். முப்பது, நாற்பது பீடி குறையும். இந்த இழப்பைத் தாங்க முடியுமா என்பதை அவரவரே முடிவு செய்ய வேண்டும்.

நீரில் நடப்பது மூட்டு நோயாளிகளுக்கு மிக நல்லது. இடுப்பளவு நீரில் நிற்பவரின் கால்கள் தாங்குவது அவர் எடையில் ஏறக்குறைய பாதியே. மார்பளவு நீரில் மூன்றில் ஒரு பங்குதான். ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் தாமிரபரணியில் இறங்கச் சொல்வது பைத்தியக்காரத்தனம். மேலப்பாளையத்தின் ஊடே ஓடும் பாளையங்காலின் நீரும் அதற்கு ஏற்றதாக இல்லை. வெள்ளம் வடிந்து தை, மாசியில் ஆறு தெளிந்த பிறகு, துணையோடு, ஆழம் தெரிந்த படித்துறையில் நிற்கலாம்.

ஒரு பிடி அரிசி

ஒரு கிலோ கொழுப்புத் திசு ஏறத்தாழ 7,700 கலோரிக்குச் சமம். நம் பெண்மணி 7 கிலோ குறைக்க 53,900 கலோரி மிச்சப்பட வேண்டும். மலைத்துப் போக வேண்டாம். நாளுக்கு 400 கலோரி குறைத்தால் 135 நாள்; ஐப்பசி முதல் நாள் தொடங்கினால் மாசி நடுவில் முடியும். உடல் இளைக்க இளைக்கச் செலவையும் சுருக்கிக்கொள்ளும் சிக்கனக்காரன் என்பதால், நடைமுறையில் ஓரிரு மாதம் கூடலாம்.

அந்த 400 எங்கிருந்து வரும்? ஆயிரம் பீடியை முடிக்க நான்கைந்து தேநீராவது வேண்டியிருக்கிறது. ஒரு தேக்கரண்டிச் சர்க்கரையில் 20 கலோரி. நான்கு தேநீரில் ஒவ்வொரு கரண்டி குறைத்தால் 80. நால்வர் உள்ள வீட்டில் மாதம் நான்கு லிட்டர் எண்ணெய் செலவானால் ஆளுக்கு ஒரு லிட்டர். அதில் எட்டாயிரம் கலோரிக்கு மேல் இருக்கிறது. அதைப் பாதியாக்கினால் நாளுக்கு 135. உலையில் அரிசி போடும்போது ஆளுக்கு ஒரு பிடி குறைத்துப் போடுங்கள். ஒரு பிடி 40, 45 கிராம் இருக்கும். அதில் 150 கலோரி. ஒருநாள் விட்டு ஒருநாள் ஒரு வடையை மறந்தால் சராசரி 50. கூட்டிப் பாருங்கள், 415! பிடி அரிசி எடுத்து வைப்பது நம் தாய்மார்களுக்குப் புதிதன்று. முன்பு தருமத்துக்கு எடுத்தார்கள், இது முழங்காலுக்கு.

வயிறு காலியாகத் தோன்றாதிருக்க, குறைத்த சோற்றின் இடத்தை அவரைக்காய், புடலங்காய், கீரை ஆகியவற்றால் நிரப்ப வேண்டும். ஆனால் பருப்பு, முட்டை, மீன் இவற்றில் மட்டும் கை வைக்காதீர்கள். எடை குறையும்போது கொழுப்போடு தசையும் கரையும். புரதம் போதாவிட்டால் தசை இன்னும் மிகுதியாகக் கரைந்து, எந்த முழங்காலுக்காகப் பட்டினி கிடந்தோமோ அந்த முழங்காலே வலுவிழந்து போகும். இந்தியர் உணவில் ஏறத்தாழ 62 விழுக்காடு கலோரி மாவுப்பொருளிலிருந்து வருகிறது என்று சென்னை நீரிழிவு ஆய்வு நிறுவனத்தாரும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தாரும் நடத்திய ஆய்வு 2025இல் தெரிவித்தது. அது வெறும் நாக்கின் குற்றம் அன்று. 2011 ஜூன் முதல் தமிழ்நாட்டு நியாயவிலைக் கடைகளில் அரிசி இலவசம். பயறும் முட்டையும் காசு கொடுத்து வாங்க வேண்டியவை. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வரும் சாளை மீன் மலிவாகக் கிடைக்கும் நாளில் வாங்கிக் குழம்பு வைத்துக்கொள்ளலாம், பொரிக்க வேண்டாம்.

நோன்பு மாதத்தைப் பற்றியும் ஒரு சொல். இசுலாமிய ஆண்டு ஆங்கில ஆண்டைவிடச் சுமார் 11 நாள் குறைந்தது என்பதால் ரமலான் மாதம் பருவங்களினூடே பின்னோக்கி நகர்ந்துகொண்டே வருகிறது. 2030இல் சனவரியில் ஒரு முறையும் டிசம்பர் இறுதியில் மறுமுறையுமாக இருமுறை பிறக்கும். பகலெல்லாம் உண்ணாதிருந்தும் எடை ஏறிவிட்டதே என்று வியப்பவர்கள் உண்டு. நோன்புக் கஞ்சியில் குறை இல்லை. அதற்குத் துணையாக வரும் வடையும் சமோசாவும் சர்பத்துமே கணக்கை மாற்றிவிடுகின்றன.

சில எச்சரிக்கைகள். நீரிழிவுக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் உணவைக் குறைத்தால் இரத்தச் சர்க்கரை அபாயமாகத் தாழ்ந்துவிடலாம். மூட்டு சிவந்து சூடாக வீங்கினாலோ, காய்ச்சல் இருந்தாலோ, காலையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் விறைப்பு நீடித்தாலோ, அது வெறும் தேய்மானமாக இராது. ஹைகிரவுண்டு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ அருகிலுள்ள மருத்துவரிடமோ காட்டிவிடுங்கள். வலி மாத்திரைகளைக் கடையில் கேட்டு வாங்கி மாதக்கணக்கில் விழுங்குவது சிறுநீரகத்தைக் கெடுக்கும். செமாகுளூட்டைடு என்னும் ஊசி மருந்து, முழங்கால் தேய்மானமுள்ள பருத்தவர்களிடம் எடையைச் சராசரியாக 13.7 விழுக்காடு குறைத்து வலியையும் தணித்தது 2024இல் நிறுவப்பட்டது. மருத்துவரின் கண்காணிப்பில் மட்டுமே போட வேண்டிய மருந்து அது.

எடை பார்க்கும் எந்திரம் வீட்டில் இல்லை, மழையில் கடைக்குப் போகவும் முடியவில்லை என்றால் என்ன செய்வது? ஒரு நூல் போதும். உச்சந்தலை முதல் குதிகால் வரை உங்கள் உயரத்துக்கு நூலை அளந்து வெட்டுங்கள். அதைச் சரிபாதியாக மடித்துத் தொப்புளுக்கு நேராக இடுப்பைச் சுற்றுங்கள். இடுப்பளவு உயரத்தில் பாதிக்குள் இருக்க வேண்டும் என்பது மருத்துவர்கள் கூறும் கணக்கு. இரு முனைகளும் தொட்டுக்கொண்டால் நல்லது. தொடாவிட்டால், இடையில் எத்தனை விரல் இடைவெளி என்று பார்த்துச் சுவர் நாட்காட்டியில் குறித்து வையுங்கள். நூலைப் பத்திரமாக வைத்திருந்து, மாதம் ஒருமுறை காலையில் வெறும் வயிற்றில் சுற்றிப் பாருங்கள்.